தாத்தாவின் ஆல்பத்தில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்: இது ‘கருப்பு 6’ தானா? உதவி தேவை

ஆற்காட்டான்

வணக்கம். என் அம்மாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்தவர். 4ஆவது இந்திய டிவிஷனோடு எகிப்து, லிபியா, இத்தாலி என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர். போன மாதம் பழைய வீட்டை இடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அவருடைய தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே கறையான் தொடாத ஒரு ஆல்பம்.

அதில் ஒரு படம். பாலைவனத்தில் ஒற்றை எஞ்சின் விமானம், அதன் முன்னால் தாத்தாவும் இன்னும் மூன்று பேரும். விமானம் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்பது எனக்கே தெரிகிறது. ஆனால் உடலில் பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னம். வட்டத்துக்குப் பக்கத்தில் பெரிதாக ‘வி’ என்ற எழுத்து. வட்டத்துக்கு மறுபக்கமும் ஏதோ எழுத்து இருக்கிறது, ஆட்கள் நிற்பதால் தெரியவில்லை. படத்தின் பின்னால் பென்சிலில் டோப்ரூக், 12/42.

தேடிப் பார்த்தேன். 1942 நவம்பரில் லிபியாவின் கம்பூத் விமானத்தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 3ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஒரு 109ஐப் பிடித்து அதற்கு சிவி-வி என்று எழுதியது. அதுதான் இன்று பிரிட்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘கருப்பு 6’. கம்பூத் டோப்ரூக்குக்குக் கிழக்கே, பக்கம்தான். எழுத்தும் பொருந்துகிறது, மாதமும் ஏறக்குறையப் பொருந்துகிறது. என் தாத்தா அந்த விமானத்தின் முன்னால்தானே நிற்கிறார்? உறுதி செய்துகொண்டு அருங்காட்சியகத்துக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.

பசைக்குப்பி

தம்பி, முதலில் அந்த ஆல்பத்தைப் பத்திரமாக வைத்ததற்கு ஒரு கும்பிடு. அப்புறம் ஒரு எச்சரிக்கை. 109 மாதிரிகளை இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பாலைவனத்தில் எடுத்த, பிடிபட்ட 109 படம் எது கிடைத்தாலும் எல்லோரும் முதலில் சொல்வது ‘கருப்பு 6’ என்றுதான். உயிரோடு இருக்கும் விமானத்தின் பெயர்தான் நமக்குத் தெரியும், அதனால்.

109இல் இ, எஃப், ஜி என்று அடுத்தடுத்து வகைகள் உண்டு. கருப்பு 6 என்பது ஜி-2 வகை, உற்பத்தி எண் 10639. ஸ்குவாட்ரன் தலைவர் பாபி கிப்ஸ் அதைக் கைப்பற்றித் தானே ஓட்டினார். பிறகு கப்பலேறி இங்கிலாந்து போனது. அங்கே ஆர்என்228 என்று புது எண். பிடிபட்ட எதிரி விமானங்களை ஓட்டிக் காட்டுவதற்கென்றே இருந்த 1426ஆவது பிரிவில் பறந்தது. போருக்குப் பின் பல இடங்களில் கிடந்து, 1972இல் தொடங்கிய சீரமைப்பு முடிந்து 1991 மார்ச்சில் மறுபடி பறந்தது. 1997 அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. இப்போது பறப்பதில்லை.

ஒற்றை ‘வி’யை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் ஒரு ‘வி’ இருக்கும். படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்கள்.

இருட்டறை

செல்போனில் எடுத்துப் போட வேண்டாம். ஸ்கேனரில் 1200 டிபிஐ, கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில். ‘கூர்மைப்படுத்து’, ‘தூசி நீக்கு’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி என்று நினைத்து அது விமானத்தின் எண்ணையே அழித்துவிடும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். மூலை ஒட்டு வைத்திருந்தால் மட்டும் மெதுவாக நழுவ விடுங்கள்.

(அப்பாவின் ஸ்டுடியோ டார்க் ரூமில் வளர்ந்தவள். அதனால்தான் இந்த அதிகாரம்.)

ஆற்காட்டான்

போட்டிருக்கிறேன் அக்கா. நல்லவேளை, மூலை ஒட்டுதான்.

பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குழப்பம். எஞ்சின் பக்கவாட்டில் நீளமாகக் குடுவை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பார்த்த எல்லா 109இலும் அது விமானத்தின் இடது பக்கம். என் படத்தில் வலது பக்கம். இது வேறு ஏதாவது அபூர்வ வகையா?

பழைய ஃபிட்டர்

அபூர்வமெல்லாம் இல்லை. அந்தக் குடுவை மணல் வடிகட்டி. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜர் டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினில் பக்கவாட்டில், விமானியின் இடதுகைப் பக்கம் இருக்கும். பாலைவன மணல் உள்ளே போனால் சிலிண்டர் தேய்ந்துவிடும் என்பதால் அதன் வாயில் வடிகட்டி மாட்டினார்கள். அதை வலது பக்கம் மாற்றுவது என்றால் எஞ்சினையே மாற்றி வடிவமைக்க வேண்டும். எந்தப் பட்டறையும் அதைச் செய்யாது.

படம்தான் இடவலம் மாறியிருக்கிறது.

விமானப்படையில் 24 வருடம் ஏர்ஃப்ரேம் (விமான உடல்) வேலை. விமானத்தின் பேச்சை நம்பலாம், படத்தின் பேச்சை அப்படியே நம்பக்கூடாது.

இருட்டறை

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. இடது ஓரத்தில் நிற்பவர் தோளில் ரைஃபிள் இருக்கிறதே, அதன் போல்ட் கைப்பிடியைப் பாருங்கள். 303 ரைஃபிளில் அது எப்போதும் வலது பக்கம். உங்கள் படத்தில் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாலு பேருடைய சட்டைப் பொத்தானும் பெண்கள் சட்டை மாதிரி மாறி இருக்கிறது.

பின்புறத்தில் வெலாக்ஸ் என்று ஃபோட்டோத் தாளின் பெயர் அச்சிட்டிருக்கிறது, படமும் ஃபிலிம் அளவுதான். அப்படியானால் இது கான்டாக்ட் பிரிண்ட், அதாவது ஃபிலிமை நேராகத் தாள்மேல் வைத்து எடுத்த படம். ஃபிலிமின் மருந்துப் பக்கம் தாளை ஒட்டி இருக்க வேண்டும். அவசரத்தில் புரட்டி வைத்துவிட்டால் இடம் வலமாகும், ஃபிலிமின் தடிமன் நடுவில் வருவதால் லேசாக மங்கும். உங்கள் படம் மங்கியிருப்பது அதனால்தான், வயதால் இல்லை. ‘வி’யைத் திருப்பினாலும் ‘வி’தான். அதனால்தான் எண்பது வருடமாக யாருக்கும் உறுத்தவில்லை.

பசைக்குப்பி

திருப்பிப் பார்த்துவிட்டேன். தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இது ஜி இல்லை.

விமானி அறையின் முன்கண்ணாடிக்குக் கீழே, பக்கவாட்டில், முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி தெரிகிறதா? எஃப் வகையில் அது உண்டு. ஜி வகையில் எடுத்துவிட்டார்கள். அடுத்தது, புரொப்பல்லர் கூம்புக்குப் பின்னால் மூக்கைச் சுற்றி ஜி வகைக்குச் சின்னச் சின்னக் காற்றுவாய்கள் இருக்கும். உங்கள் படத்தில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. இறக்கை நுனி உருண்டையாக இருப்பதாலும், வால் இறக்கைக்குக் கீழே முட்டுக்கம்பி இல்லாததாலும் பழைய இ வகையும் இல்லை. ஆக, எஃப். பெரும்பாலும் எஃப்-4.

ஆற்காட்டான்

அண்ணா, விடமாட்டேன். பிடிபட்ட விமானங்களுக்குக் கிடைத்த பாகத்தை மாட்டுவார்கள் என்று படித்தேன். கருப்பு 6க்கு ஒரு எஃப்பின் முன்கண்ணாடியை மாட்டியிருக்கக் கூடாதா?

பழைய ஃபிட்டர்

நல்ல கேள்வி, சும்மா ஒதுக்கிவிட முடியாது. பாகம் மாற்றியது உண்மைதான். 1939 நவம்பரில் பிரான்ஸில் இறங்கி மாட்டிக்கொண்ட ஒரு 109இ, பிரிட்டனில் ஏஇ479 என்ற எண்ணில் பறந்தது. ஒரு மோசமான தரையிறக்கத்தில் வால் சிதைந்தபோது, சுட்டு வீழ்த்தப்பட்ட வேறொரு 109இன் வாலை எடுத்து மாட்டினார்கள். பிற்பாடு 1942இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கே நொறுங்கியது. அதன் வாலை மட்டும் படத்தில் பார்த்து எண் சொல்பவன் ஏமாந்து போவான்.

ஆனால் வால் என்பது போல்ட் கழற்றி மாட்டுவது. முன்கண்ணாடியும் மூக்கு மூடியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்கள். இரண்டும் எஃப் என்று சொல்லும்போது, பறக்கும் நிலையில் இருந்த ஒரு ஜிக்கு இரண்டையும் ஏன் மாற்ற வேண்டும்? ஒரு பாகம் பொய் சொல்லலாம் தம்பி. சேர்ந்து பொய் சொல்லாது.

ஆற்காட்டான்

சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம். இன்னொரு சந்தேகம்: வட்டச் சின்னத்தின் வெளி வளையம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறது. பிரிட்டிஷ் வட்டத்தின் வெளியே மஞ்சள்தானே?

இருட்டறை

மஞ்சள்தான். அந்தக் காலத்தில் சாதாரண கேமராக்களில் போட்டது பெரும்பாலும் ஆர்த்தோ ஃபிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகத் தெரியாது. இரண்டும் கறுத்துவிடும். நீலம் வெளுத்துவிடும். அதனால் உங்கள் வட்டத்தில் நடுப்புள்ளி கறுப்பு, ஓரம் கறுப்பு, நீல வளையம் சாம்பல். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து விமானத்தின் நிறம் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வழிப்போக்கன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு விமானங்களைப் பிடித்து என்னதான் செய்தார்கள்?

பசைக்குப்பி

எங்கே பிடிபட்டது, எப்போது பிடிபட்டது என்பதைப் பொறுத்தது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி திசை தெரியாமல் வேல்ஸில் பெம்ப்ரி தளத்தில் புத்தம்புது ஃபோக்கவுல்ஃப் 190ஐக் கொண்டுவந்து இறக்கினார். அதை ராஜ மரியாதையோடு சோதித்தார்கள், ஏனென்றால் அப்போது அது பிரிட்டிஷாருக்குப் பெரிய தலைவலி. 1943 மேயில் ஸ்காட்லாந்தின் டைஸில் வந்திறங்கிய இரவுப் போர் விமானமான யூங்கர்ஸ் 88 இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1945இல் அமெரிக்கர்கள் சுமார் 40 விமானங்களை ரீப்பர் என்ற கப்பலில் ஷெர்பூர்கிலிருந்து ஏற்றிப் போனார்கள். அவற்றுக்கு எஃப்இ என்று தொடங்கும் எண் எழுதினார்கள், படத்தில் அந்த எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாலைவனக் கதை வேறு. பிடித்த ஸ்குவாட்ரனே தன் எழுத்தை எழுதி எடுபிடி விமானமாக வைத்துக்கொள்ளும். 260ஆவது ஸ்குவாட்ரன் ஒரு ஹெய்ன்கெல் 111க்கு ‘டெல்டா லில்லி’ என்று பெயர் வைத்து, நைல் பக்கம் போய்ச் சாமான் வாங்கிவரப் பயன்படுத்தியது. டயர் வெடித்தால் மாற்று டயர் இல்லை, புரொப்பல்லர் வளைந்தால் மாற்று இல்லை. முகாம் நகரும்போது விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதிவேட்டில்கூட வராது.

ஆற்காட்டான்

இதைப் படித்ததும் ஆல்பத்தை மறுபடி புரட்டினேன். நாலு பக்கம் தள்ளி இன்னொரு படம். ஏதோ உடைந்த லாரி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். ஸ்கேன் போட்டிருக்கிறேன்.

பழைய ஃபிட்டர்

இந்தப் படம் நேராக இருக்கிறது, வடிகட்டி இருக்க வேண்டிய இடது பக்கமே நமக்குத் தெரிகிறது. எஞ்சின் இல்லை, கழற்றிப் போயிருக்கிறார்கள். வாலில் திரும்பும் சுக்கானில் துணி கிழிந்து சட்டம் தெரிகிறது. 109இல் சுக்கான் துணி போர்த்தியது, வெயிலில் முதலில் போவது அதுதான். வட்டத்துக்குப் பக்கத்தில் அதே ‘வி’. முதல் படத்தைத் திருப்பிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘வி’யின் வலது காலில் வண்ணம் வழிந்த கோடு இரண்டிலும் ஒரே இடத்தில். ஒரே விமானம்தான்.

செங்குத்து வாலில் சதுரமாக ஒரு ஓட்டை. ஸ்வஸ்திகா இருந்த இடம், நினைவுக்கு வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லாப் படைக்காரரும் செய்த வேலை அது. முதல் படத்தில் வால் முழுசாக இருக்கிறது, ஆக அதுதான் முந்தையது.

உங்கள் விமானம் இங்கிலாந்துக்குப் போகவில்லை தம்பி. அந்தத் தளத்தின் ஓரத்திலேயே எலும்புக்கூடாகிவிட்டது.

பசைக்குப்பி

ஆதாரம் வேண்டுமானால்: லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் தினக்குறிப்புகள் இருக்கின்றன, டபிள்யூஓ 169 வரிசையில் மத்தியக் கிழக்குப் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள். 1942 டிசம்பரில் தாத்தாவின் கம்பெனி எந்தத் தளத்தில் இருந்தது என்பதை முதலில் பிடியுங்கள். அவருடைய சேவைப் பதிவுக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையகமான பெங்களூர் எம்இஜி சென்டருக்கு எழுதுங்கள். அங்கிருந்து ஸ்குவாட்ரனுக்குப் போகலாம். விமானத்திலிருந்து தாத்தாவைத் தேடுவதைவிட இது சுலபம்.

சாப்பர்களுக்கு விமானத்தளத்தில் என்ன வேலை என்று யோசிக்க வேண்டாம். ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது ஓடுபாதையிலும் கைவிட்ட விமானத்தைச் சுற்றியும் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போக முடியும். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிக்னானோ பக்கம் வெடிக்கப்போன கண்ணியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்ரமணியன், இதே மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்.

இருட்டறை

இரண்டாவது படத்தில் வாலுக்கு முன்னால், உடலின் அடிப்பகுதியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. நிழல் என்று நினைத்தேன், நிழலானால் மற்ற நிழல்களின் திசையில் விழ வேண்டும். ஒரு முழம் நீளம் இருக்கும். அங்கே என்ன சின்னம் இருக்கும்?

பழைய ஃபிட்டர்

சின்னம் கிடையாது. வாலைத் தூக்கி முட்டுக் கொடுக்க அங்கே குறுக்கே ஒரு குழாய் உண்டு, பக்கத்தில் ‘ஹியர் ஆஃப்போக்கன்’ என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். ‘இங்கே முட்டுக் கொடு’ என்று அர்த்தம். அதைப் போய் யார் வெட்டுவார்கள்? தகடு நல்ல தகடு என்று வேண்டுமானால் எடுத்திருக்கலாம்.

ஆற்காட்டான்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அம்மாவிடம் இந்த ஓட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டி வீட்டில் தவிட்டுப் பானையை மூட ஒரு அலுமினியத் தகடு உண்டு, லேசாக வளைந்து, ஓரமெல்லாம் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை, ‘அப்பா சண்டையிலிருந்து கொண்டுவந்தது’ என்பார்கள் என்றார். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். உடைசல்களோடு இரும்புக் கடைக்குப் போகக் கட்டி வைத்திருந்த மூட்டையில் கிடைத்தது.

வண்ணம் துளிகூட இல்லை. ஆனால் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு மூலையில் எழுத்து இருந்த தடம் தெரிகிறது. ஆங்கில எழுத்துகள்தான், முன்பாதி போய்விட்டது. கடைசி ஆறு எழுத்து மட்டும்: பி, ஓ, சி, கே, இ, என்.

பழைய ஃபிட்டர்

தம்பி, அந்தத் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, ரிவெட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து போடுங்கள். ஸ்கேலும் தெரியும்படி படம் எடுங்கள். தயவுசெய்து எதையும் போட்டுத் துடைக்காதீர்கள்.

ஆற்காட்டான்

அளந்துகொண்டிருக்கிறேன் ஐயா. துடைப்பதைப் பற்றி இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை, பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பாராம்.