ஜிகினா சுவர் ஏன் மங்குகிறது? எல்லையோர வீடுகளின் அனுபவம்

செங்கோட்டை, பெயின்டிங் கான்ட்ராக்ட்

ஜிகினா, அதாவது கிளிட்டர், அடித்த சுவர் ஒரு மழைக்காலம் தாண்டியதும் செத்துப்போச்சு என்று வருத்தப்படுகிற வீடுகளில், பெரும்பாலும் கோளாறு ஜிகினாவில் இல்லை, சுவரில்தான். ஜிகினா என்பது மெல்லிய பாலியஸ்டர் படலத்தின் மேல் அலுமினியத்தை ஆவியாகப் படியவைத்து, அறுகோணத் துகளாக வெட்டியது. மினுக்குவது அந்த அலுமினியம். அதற்குச் சுண்ணாம்புக் காரம் ஆகவே ஆகாது. சிமென்ட் பூச்சில் ஓதம் இருந்தால் காரமும் ஈரத்தோடு மேலே வரும். அலுமினியத்தை அரித்துவிட்டால் மிச்சம் நிற்பது வெறும் பிளாஸ்டிக்.

அதனால் புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயவிடுவது கட்டாயம். எங்கள் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் காற்று அடிக்கும். அந்த நாளில் 28 நாள் கணக்கெல்லாம் செல்லாது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் வேலையைத் தொடாதீர்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் ஓர் இடம், ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் என்று இரண்டு இடத்திலாவது பார்க்க வேண்டும்.

காய்ந்த சுவருக்குச் சமன்படுத்தும் பட்டி இரண்டு கை, தேய்க்க 180, பிறகு 320 நம்பர் உப்புத்தாள், பிரைமர் ஒரு கோட். அடுத்தது அடிநிறம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளி ஜிகினா பகலில் கண்ணுக்கே தெரியாது. வெள்ளிக்குச் சாம்பல், தங்கத்துக்கு மணல் நிறமோ காப்பி நிறமோ, இப்படி ஜிகினாவை விட ஒரு படி இருண்ட எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க வேண்டும்.

ஜிகினாவை அந்த எமல்ஷனிலேயே கொட்டிக் கலக்காதீர்கள். எமல்ஷனில் இருக்கிற வெள்ளை நிறமி துகளை மூடிவிடும். நிறமியே இல்லாத, தண்ணீரில் கரையும் கிளியர் கிளேஸில்தான் கலக்க வேண்டும். பத்துக்குப் பத்தடிச் சுவர் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 80 கிராம் ஜிகினா போட்டால் வரவேற்பறைக்கு அளவாக இருக்கும். 100 கிராமைத் தாண்டினால் படலம் சொரசொரவென்று தூசி பிடிக்கும்.

ஸ்பாஞ்சு ரோலர் வேண்டாம். அதன் துளைகளில் ஜிகினா போய் உட்கார்ந்துகொள்ளும், சுவருக்கு வருவது வெறும் கிளேஸ். நடுத்தர ரோமம் உள்ள ரோலரால் மூன்றடி அகலத்துக்கு ஏற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே உலர்ந்த நாலு இஞ்ச் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக இழுங்கள். ஜிகினா அடியில் தங்கும் என்பதால் டப்பாவை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். மறந்தால் சுவரின் மேல்பாதி பட்டை பட்டையாகவும் கீழ்ப்பாதி வெறுமையாகவும் நிற்கும். முதல் கோட் நாலைந்து மணி நேரம் காய்ந்ததும் இரண்டாம் கோட், அதன்மேல் ஜிகினா இல்லாத கிளியர் ஒரு கோட்.

மார்த்தாண்டம், பெயின்ட் கடை

செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன ஓதக் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கணும். எங்க பக்கம் பழைய வீடு நிறைய வெட்டுக்கல்லில் கட்டியது. வெட்டுக்கல் தண்ணியை உறிஞ்சி வைத்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் எங்களுக்கு உண்டு, அதனால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அடிப்பதுதான் பத்திரம். உப்பு பூத்த சுவரென்றால் முதலில் அதைச் சரிபண்ணுங்க.

பொருளை வாங்குமுன் சோதிக்கிற விதம் இது. கண்ணாடி டம்ளரில் தின்னர் ரெண்டு ஸ்பூன், அதில் ஒரு சிட்டிகை ஜிகினா. மறுநாள் பாருங்க. நல்ல பாலியஸ்டர் ஜிகினா அடியில் அப்படியே மின்னும், மேலே தின்னர் தெளிவாக நிற்கும். மட்டமானதில் தின்னர் ரோஸ் கலராகவோ பச்சையாகவோ மாறி, துகள் வெளுத்துச் சுருண்டு கிடக்கும். வாழ்த்து அட்டைக்கும் கோலத்துக்கும் விற்கிற பொடியில் இப்படிச் சாயம் இறங்குகிற சரக்கு உண்டு. இன்னொரு டம்ளரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணி ஊற்றி ரெண்டு நாள் விட்டால், அண்ணாச்சி சொன்ன கார விஷயமும் கண்ணெதிரே தெரிஞ்சிடும்.

சுவருக்கு 0.2 மி.மீ. துகள் போதும். 0.4 மி.மீ. தூரத்திலிருந்து பார்க்க எடுப்பு, ஆனால் கை பட்டால் உறுத்தும், பிள்ளைகள் நகத்தால் பேர்ப்பார்கள். ஸ்பிரே கன்னில் அடிக்கிறதென்றால் 0.2 துகளுக்கு 1.8 முதல் 2 மி.மீ. வரை நாசில், உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிடணும். இல்லையென்றால் ஜிகினா மொத்தமும் வடிகட்டியில்தான் நிற்கும்.

ஈர வார்னிஷ் மேல் ஜிகினாவை ஊதி ஒட்டுகிற முறையும் கேட்கிறார்கள். பளபளப்பு அதில்தான் அதிகம், உதிர்வதும் அதில்தான் அதிகம். உலர்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் உதிரியைத் தட்டிவிட்டு, கிளியர் ரெண்டு கோட் போடாமல் விடக்கூடாது. அந்தக் கிளியரும் தண்ணீர் வகையாகவே இருக்கட்டும், தின்னர் வகை வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளடிக்கும்.

கம்பம், எலக்ட்ரிக்கல் வேலை

சுவர் நன்றாக இருந்தும் மின்னவில்லை என்றால் விளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரே கோணத்தில்தான் ஒளியைத் திருப்பும். டியூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் எல்லாத் துகளும் ஒரே மாதிரி சாம்பலாகத் தெரியும். சுவரிலிருந்து ஆறு முதல் ஒன்பது இஞ்ச் தள்ளி, சீலிங்கில் குறுகிய கோண எல்.ஈ.டி. ஸ்பாட் வைத்தால் ஒளி சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும். ஆனால் அதே வெளிச்சம் பட்டியின் மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பட்டி தேய்த்த அன்றைக்கு இரவிலேயே டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள் சார்.

கும்மிடிப்பூண்டி, பழைய வீடுகள் புதுப்பிக்கும் வேலை

சுண்ணாம்புச் சுவரை மாற்ற மனமில்லாதவர்களுக்கு ஜிகினா வேண்டவே வேண்டாம், காக்காப்பொன் இருக்கிறது. அதாவது மைக்கா. எங்களுக்கு வடக்கே ஆந்திராவில் கூடூர் வட்டாரம் மைக்காவுக்குப் பேர்போனது. மைக்கா கல், சுண்ணாம்புக் காரம் அதை மங்கவைக்காது. நன்றாக நீர்த்து வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பில், கடைசிக் கோட்டுக்கு மட்டும், லிட்டருக்கு 40 கிராம் சன்ன மைக்காத் தூள். கலவை மோர் போல நீர்க்க இருக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பதத்தில் மல் துணியால் லேசாகத் துடைத்தால் மேலே மூடிய சுண்ணாம்பு விலகி மைக்கா வெளியே எட்டிப்பார்க்கும். ஜிகினா மாதிரி கண்ணைப் பறிக்காது. நிலா வெளிச்சத்தில் ஆற்று மணல் மினுங்குமே, அந்த அளவுதான். என் பார்வைக்கு அதுதான் அழகு.

சமையலறையில் டைல்ஸ் இடுக்குக்கு ஜிகினா சேர்ப்பதானால் எபாக்ஸி கிரவுட்டில் மட்டும் சேருங்கள், சிமென்ட் கிரவுட்டில் அதே காரப் பிரச்சினை வரும். எபாக்ஸியின் இரண்டு பாகமான ரெசினும் ஹார்டனரும் முழுதாகக் கலந்த பிறகே ஜிகினாவைப் போட வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும், எனவே விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

செங்கோட்டை, பெயின்டிங் கான்ட்ராக்ட்

நிறத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு: ஜிகினாச் சுவரை உலர்வாகத் தேய்க்காதீர்கள், பிளாஸ்டிக் தூள் வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டு, 120 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பை எடுத்த பிறகு, ஒட்டுப்பிடிப்புப் பிரைமர், அதன்மேல் அக்ரிலிக் பட்டி. சிமென்ட் பட்டியை நேரே போட்டால் ஏடு ஏடாகக் கழன்று வரும்.

பிரஷ் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடுத்ததே, அது நீர்நிலையில் போய்ச் சேர்வதால்தான். தண்ணீரை வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, துணியில் நிற்பதைக் குப்பையில் கட்டிப் போடுங்கள். தரையை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.