சந்தேகம்: அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிறுத்தும் கியர் சைக்கிளுக்கு என்ன பூட்டு?

வேளச்சேரிவாசி:
எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளைத் தூக்கிவிட்டார்கள். நம்பர் போட்ட கேபிள் லாக். வெட்டிய துண்டு அங்கேயே கிடந்தது. பிளாஸ்டிக் உறைதான் தடிமன், உள்ளே இருப்பது மெல்லிய கம்பித் திரி. சிசிடிவியில் மாஸ்க் போட்ட ஆள் ஓட்டிக்கொண்டு போவது தெரிகிறது, அவ்வளவுதான். என்னுடையது 22,000 ரூபாய் சைக்கிள். லிஃப்டில் நுழையாது. என்ன செய்யலாம்?

செயின்கவர்:
கேபிளை விடுங்கள் சார், சின்னக் கட்டரே போதும். U வடிவத்தில் கெட்டியான இரும்புக் கம்பியாக வரும் யூ லாக் வாங்குங்கள். ஆனால் எதோடு சேர்த்துப் பூட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். சும்மா நிற்கிற சைக்கிளுக்கு எந்தப் பூட்டு போட்டாலும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பிவிசி பைப்பில் கட்டுவதும் கட்டாததும் ஒன்றுதான். சுவரிலோ தரையிலோ இரும்பு வளையம் பதிக்க அசோசியேஷனிடம் கேளுங்கள். பூட்டு ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கட்டும். கியர் பற்சக்கரங்கள் இருப்பதால் அதுதான் விலை கூடின சக்கரம். முன் சக்கரம் க்விக் ரிலீஸா, அதாவது லீவரைத் திருப்பினாலே கழன்று வருவதா? அந்த லீவரை எடுத்துவிட்டு ஆலன் கீ (ஆறு பட்டைச் சாவி) போட்டுத் திருகும் அச்சு மாட்டுங்கள்.

ஏட்டையா மகன்:
பூட்டு ஒருபக்கம் இருக்கட்டும். இன்றைக்கே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். சிலவற்றில் ஹேண்டில் கழுத்தில் இருக்கும். சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது. உங்களுடையது என்று காட்ட இந்த நம்பரும் பில்லும்தான். பில் இன்னொன்றுக்கும் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களில், 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு என்றால் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட்டு விசாரிக்க முடியாத வகையில் வரும். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. உங்களுடையது அந்த வரம்பைத் தாண்டியது என்று பில் சொல்லும்.

வேளச்சேரிவாசி:
நன்றி சார். ஃபிரேம் நம்பர் எடுத்துவிட்டேன். செயலாளர் டைல்ஸில் ஓட்டை போடக்கூடாது என்கிறார். இருப்பது 9க்கு 12 அங்குலத் தூண்தான், யூ லாக் சுற்றாது.

செயின்கவர்:
அப்போ தூணைச் சுற்றி செயின். தூண் சுற்றளவே 42 அங்குலம், அதனால் ஐந்தடிக்குக் குறையாமல் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் அடிக் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி வேண்டாம், அது மெத்து இரும்பு. பதப்படுத்திய ஸ்டீல் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். செயின் தரையில் தொங்காமல் இறுக்கிப் பூட்டுங்கள். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையை ஊன்றி, ஏறி மிதித்தே வெட்டிவிடுவான். இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு வந்தால் எதுவும் தாங்காது, ஆனால் அந்தச் சத்தத்துக்கு வாட்ச்மேன் எழுந்துவிடுவார்.

வேளச்சேரிவாசி:
எங்கள் வாட்ச்மேனா... சரி, செயின் வாங்கிவிடுகிறேன்.