காக்கட்டீலை கூச்சிங்கிற்கு அனுப்பும் முன்: பெட்டி, பழக்கம், தீனி, தாள்கள்

காக்கட்டீலை (கொண்டை வைத்த சின்னக் கிளி) விமானச் சரக்கில் சரவாக்கின் கூச்சிங்கிற்கு அனுப்பறவங்களுக்கு, பறவை வளர்க்கும் நாங்க சிலர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்றோம். முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்க. கோலாலம்பூரிலிருந்து கூச்சிங் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஆனா பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை கார், கார்கோவில் மூன்று மணி முன்னாலேயே ஒப்படைப்பு, இறங்கிய பிறகு தாள் பார்த்து வெளியே விடும் நேரம், எல்லாம் சேர்த்தால் பறவை ஏழு எட்டு மணி நேரம் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியும் பயிற்சியும் அந்த எட்டு மணிக்குத்தான்.

பெட்டிக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். வாங்கியதும் பசை வாடை போக ஒரு வாரம் வெயில் படாத காற்றில் வைங்க. உள்ளே ஒரே ஒரு குச்சி, சொரசொரப்பான மரம், சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனம். வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் விமானம் சாயும்போது கால் பிடிக்காது. குச்சியில் உட்கார்ந்தால் வால்நுனிக்கும் தரைக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி, நிமிர்ந்தால் கொண்டை கூரையில் இடிக்காத உயரம். திரும்ப இடம் வேணும், பறக்க இடம் வேணாம். பறக்க இடம் இருந்தால் பயத்தில் எழும்பி மோதும். ஊஞ்சல், கண்ணாடி, மணி எல்லாவற்றையும் எடுத்துடுங்க.

காற்றுத் துளைகள் ஒரு பக்கம் மட்டும் போதாது. பக்கத்தில் வேறு பெட்டியை ஒட்டி வைத்தால் அடைபட்டுவிடும். அதனால் வெளிப்பக்கம் ஓர் அங்குலக் கட்டையைச் சுற்றி அறையணும். துளைக்கு உள்ளே எவர்சில்வர் வலை. துத்தநாகம் பூசிய கம்பியைக் கொறித்தால் துத்தநாக நஞ்சு ஏறும். கதவை வெளியிலிருந்து கேபிள் டை போட்டு இரண்டு இடத்தில் கட்டுங்க. 'உயிருள்ள விலங்கு' என்ற ஆங்கில அட்டையும் மேல்நோக்கிய அம்புக்குறியும் கண்ணில் படணும்.

•••

பெட்டியைப் பற்றி மேலே எழுதிய அண்ணன் சொன்னது சரி. ஆனா நல்ல பெட்டி செய்து, பயணத்தன்றுதான் பறவையை முதல்முறை உள்ளே விடுறவங்க நிறைய பேர். அன்றைக்கு அது தீனியைத் தொடாது.

குறைந்தது நான்கு வாரம் வேணும். முதல் வாரம் கதவைத் திறந்து கூண்டுக்குப் பக்கத்தில் வைங்க, தினைக்கதிரை உள்ளே மட்டும் தொங்கவிடுங்க. தானாகப் போய்த் தின்ன ஆரம்பித்த பிறகு கதவைச் சாத்தி ஐந்து நிமிடம், அடுத்து அரை மணி, அடுத்து இரண்டு மணி. மூன்றாம் வாரத்தில் காரில் ஒரு சுற்று. நான்காம் வாரத்தில் ஒருநாள் முழு எட்டு மணி நேரம்.

கிராம் தராசு இல்லாமல் இதைச் செய்யவேண்டாம். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பாருங்க. காக்கட்டீல் பொதுவாக 80லிருந்து 120 கிராம் வரை இருக்கும். 90 கிராம் பறவை 9 கிராம் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. அப்படியானால் பயிற்சியை ஒரு படி பின்னால் கொண்டுபோங்க. எச்சத்தையும் பாருங்க: குறைவாக, கரும்பச்சையாக இருந்தால் உள்ளே தீனி போகலை. கொறிக்கிற சத்தம் கேட்குதே என்று நம்பிடாதீங்க, உமியை உடைத்துக் கீழே போடும் சத்தமும் அப்படித்தான் இருக்கும்.

இறகு உதிரும் காலத்தில் பயணம் வேண்டாம். புது இறகின் தண்டில் ரத்தம் ஓடும், மோதினால் ஒடிந்து கசியும். அவசரத்துக்குச் சோளமாவை அந்த இடத்தில் அழுத்திப் பிடிக்கலாம். 'அடங்கி இருக்கும்' என்று சிறகை வெட்டி அனுப்புவதும் தப்பு. வெட்டின பறவை கீழே விழும்போது தாங்க முடியாமல் நெஞ்செலும்பு அடிபடும்.

•••

பெட்டியைத் துணியால் முழுசாக மூடணுமா? காக்கட்டீலுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் மற்றக் கிளிகளை விட இதுதான் அதிகம் பதறி அடித்துக்கொள்ளும். மெல்லிய மஸ்லின் துணி, மூன்று பக்கம் போதும். சரக்கு அறை எப்படியும் இருட்டுதான். அதனால் வீட்டிலேயே மங்கல் வெளிச்சத்தில் வைத்து, விமான இரைச்சலின் பதிவைச் சின்னச் சத்தத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிப் பழக்குங்க.

•••

தண்ணீர் பற்றி யாரும் சொல்லலையே. கிண்ணத் தண்ணீர் ஏற்றும்போதே கொட்டி அடித்தாள் நனையும். நனைந்த பறவை குளிரில் நடுங்கும். கிண்ணத்தை வெளியிலிருந்து நிரப்புகிற மாதிரி பொருத்துங்க, ஒப்படைக்கும்போது காலியாக இருக்கட்டும். ஈரத்துக்கு உள்ளே வெள்ளரிக்காய்த் துண்டு, விதை எடுத்த ஆப்பிள் துண்டு. இந்த இரண்டையும் பயிற்சிக் காலத்திலேயே தின்னப் பழகியிருக்கணும், தெரியாத பழத்தைப் பெட்டிக்குள் அது தொடாது. தரைக்கு அச்சுத்தாள் போதும், சோளத்தக்கைத் தூள் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மயக்க மருந்து கொடுக்கவே கொடுக்காதீங்க. குச்சியைப் பிடிக்கும் பிடி தளரும், உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது. ஐயாட்டாவின் (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) உயிர்விலங்கு விதிகளும் அதை ஊக்குவிப்பதில்லை.

•••

உயரத்தை நினைத்துப் பயப்படுறவங்களுக்கு: விலங்கு ஏற்றும் சரக்கு அறையிலும் பயணிகள் பகுதி மாதிரியே அழுத்தம் இருக்கும், 8,000 அடிக்கு மேல் போகாது. பறவைகளுக்கு அது பொருட்டே இல்லை. ஆபத்து தரையில்தான். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, உடல் சூடே 40 டிகிரிக்கு மேல். மத்தியானம் 33 டிகிரி வெயிலில் தார்த்தளத்தில் பெட்டி காத்திருந்தால் அலகைத் திறந்து மூச்சு வாங்கும், சிறகை உடலை விட்டு அகற்றும். அதற்கு மேல் நேரம் இல்லை. விடியற்காலை முதல் விமானம் மட்டும் எடுங்க. பினாங்கிலிருந்து அனுப்பறவங்க பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வந்தால் பாலத்து நெரிசலையும் கணக்கில் சேருங்க.

கார்கோ கவுண்டரில் மறக்காமல் கேட்கவேண்டியது ஒன்று: அதே அறையில் உலர்பனி (டிரை ஐஸ்) போட்ட சரக்கு ஏறுகிறதா? உலர்பனி கரியமிலவாயுவாக மாறும். அது காற்றை விடக் கனம், கீழே தேங்கும். இருந்தால் அடுத்த விமானம் கேளுங்க.

புகைமூட்ட மாதங்களில் காற்று மாசுக் குறியீடான ஐபியு 100ஐத் தாண்டினாலே தள்ளிப் போடுங்க. பறவையின் நுரையீரல் ஆக்சிஜனை எவ்வளவு நன்றாக உறிஞ்சுமோ, அழுக்கையும் அப்படியே உறிஞ்சும்.

•••

தாள்கள். சபா, சரவாக் இரண்டுக்கும் கால்நடை அனுமதி தனி. சரவாக்கின் வனவிலங்குச் சட்டமும் 1998இல் வந்த தனிச் சட்டம். அங்கிருந்து இறக்குமதி அனுமதி கையில் வந்த பிறகே இங்கே உடல்நலச் சான்றுக்கு நாள் குறிங்க. முந்திக்கொண்டால் சான்று காலாவதியாகிவிடும்.

கிளிக்குடும்பத்தில் காக்கட்டீல், பட்ஜி, பீச் முக லவ்பேர்ட், கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளி ஆகிய நான்கு மட்டும் சைட்டிஸ் (அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியல்களில் இல்லை. சன் கன்யூர் இரண்டாம் பட்டியல், ஆப்பிரிக்கன் கிரே 2017இலிருந்து முதலாம் பட்டியல். அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக சைட்டிஸ் அனுமதி வேணும், ஏற்றுமதி அனுமதிக்கு அதிகபட்சம் ஆறு மாத ஆயுள். பாட்டுக்காக வளர்க்கும் முராய் பத்து என்ற குருவியும் இப்போது இரண்டாம் பட்டியலில் இருக்கு. எல்லாத் தாளிலும் அறிவியல் பெயரும் கால்வளைய எண்ணும் ஒரே மாதிரி இருக்கணும். ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி கவுண்டரிலேயே நிற்கும்.

பச்சைக்கிளியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறாங்க. சைட்டிஸில் இல்லாவிட்டாலும் இந்தியாவில் அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். ஆஸ்திரேலியாவுக்கும் வழியில்லை, நியூசிலாந்திலிருந்து வரும் வீட்டுப் பறவைகளை மட்டும்தான் அவங்க ஏற்கிறாங்க.

•••

போய் இறங்கியதும் பெரிய கூண்டுக்கு மாற்றவேண்டாம். அமைதியான அறையில் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு, தண்ணீரை வாசலில் வைங்க, தானாக வரட்டும். ஏர்கான் காற்று நேராகப் படக்கூடாது. அங்கே வேறு பறவைகள் இருந்தால் ஒரு மாதம் தனி அறை, தனிக் கிண்ணம். மறுநாள் காலை எடை பார்த்து, புறப்பட்ட நாள் எடையோடு ஒப்பிடுங்க. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் காட்டணும். அதனால் கூச்சிங்கில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று இங்கிருந்தே விசாரித்து வைங்க. நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள்தான் அதிகம்.