உப்புக்காத்துல ஜப்பான் கைவினைக் கண்காட்சி: எதை எதோட வைக்கலாம்?

பாம்பன்கரை கேட்டது:

பாம்பன்ல கடலுக்கு 200 மீட்டர் தள்ளி ஒரு சமுதாயக்கூடம். மாசி மாசம் 5 நாள் ஜப்பான் நாட்டுப்புறக் கைவினைக் கண்காட்சி. இரவல் வாங்கின பொருள் மொத்தம் 26: வட ஜப்பான் நான்பு பகுதி இரும்புக் கெண்டி 2, உருஷிங்கற மரப்பால் பூசின கிண்ணம் 4, கொக்கேஷி மரப்பொம்மை 8, அவுரிச் சாயத் துணி 3, வாஷிங்கற ஜப்பான் கைத்தாள்ல மீன் அச்சு 6, மூங்கில் கூடை 3. கண்ணாடி மூடி போட்ட பிளைவுட் பெட்டி நாலு இருக்கு, ஒவ்வொண்ணும் 60×45×40 செ.மீ. ஏசி பகல்ல மட்டும் ஓடும். கெண்டியையும் கிண்ணத்தையும் ஒரே பெட்டியில வச்சா பார்க்க நல்லா இருக்கும்னு நினைக்கிறோம். ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல் எவ்வளவு போடணும்?

உப்பளத்தான்:

ஒரே பெட்டியில வைக்கவே கூடாது தம்பி. இரும்புக்குக் காஞ்ச காத்து வேணும், ஈரப்பதம் 40%க்குக் கீழ. உருஷி அதுக்கு நேர் எதிர். அது மரத்துப்பால், ஈரக்காத்துலதான் இறுகும். ரொம்பக் காய்ஞ்சா உள்ளே இருக்கற மரம் சுருங்கி மேல்பூச்சு வெடிக்கும். 50-60% அதுக்குச் சரி. விளக்க அட்டையில ‘அரக்கு’ன்னு மட்டும் எழுதிடாதீங்க, நம்ம அரக்கு பூச்சியிலிருந்து வர்றது.

கடற்கரையில கெண்டி துருப்பிடிக்க மழையே வேண்டாம். சுத்தமான சோடியம் குளோரைடு 75% ஈரப்பதத்துலதான் தண்ணி இழுக்கும். ஆனா கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது 33%லயே இழுக்கும். அதனால ஈரப்பத மீட்டர் 60 காட்டினாலும் இரும்பு மேல படிஞ்ச உப்பு ஈரமாவேதான் இருக்கும். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி காஞ்ச மெல்லிய தூரிகையால தட்டுங்க. நம்ம ஊர் வழக்கப்படி தேங்காயெண்ணெய் தடவிடாதீங்க. வெளிப்பக்கத்துக்குப் பொதுவா உருஷியும், தேநீரும் இரும்பும் சேர்ந்த கரைசலும் கொடுத்திருப்பாங்க. எண்ணெய் அது மேல பிசுபிசுன்னு ஒட்டி தூசியைப் பிடிக்கும்.

ஜெல் அளவு: கன மீட்டருக்கு 20 கிலோ. உங்க பெட்டி 0.108 கன மீட்டர், அதாவது சுமார் 2 கிலோ. கெண்டிப் பெட்டிக்கு மட்டும் போதும். பைக்குள்ள குவிச்சு வைக்காம, ஓட்டை போட்ட அடித்தட்டுக்குக் கீழ தட்டுல பரப்புங்க. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, பச்சையானா 120 டிகிரியில 2-3 மணி நேரம் சூடாக்கினா மறுபடி வேலை செய்யும். நீல ஜெல்லுல கோபால்ட், வேண்டாம்.

பிளைவுட் புதுசா? புதுசுன்னா அமில ஆவி விடும். உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, மூடி இடுக்கையும் அடைச்சிருங்க.

ஏசி பகல்ல மட்டும் ஓடறதுதான் பெரிய வில்லங்கம். ராத்திரி நிறுத்தி கதவைத் திறந்தா கொண்டல் காத்து குளிர்ந்த கெண்டி மேல வியர்த்துடும். முழு நேரமும் ஓட்டுங்க, இல்லன்னா ஓட்டவே வேண்டாம். பொருள் வந்து இறங்கின பெட்டிகளையும் கூடத்துக்குள்ள 24 மணி நேரம் அப்படியே வச்சுட்டுப் பிறகு பிரியுங்க.

பாம்பன்கரை:

நன்றிண்ணே. எங்கள்ட்ட இருக்கறது மலிவு மீட்டர். நம்பலாமா?

உப்பளத்தான்:

சோதிச்சுட்டு நம்புங்க. ஒரு பாட்டில் மூடியில கடை உப்பு, ஈரமணல் மாதிரி ஆகற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணி. மீட்டரோட சேர்த்து ஜிப் பையில 8 மணி நேரம். 75 காட்டணும். 70 காட்டினா எப்பவும் 5 கூட்டிப் படிங்க. வாலிநோக்கம் பாத்தி உப்பு வேண்டாம், மெக்னீசியத்தால அளவு குறைஞ்சு காட்டும்.

அவுரிநூல்:

தாளுக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் தாண்டக் கூடாது. கடற்பக்க ஜன்னலுக்குத் திரை கட்டாயம். அவுரியை விட கொக்கேஷிக்குத்தான் ஆபத்து. பலவற்றில் பூசியிருப்பது தண்ணீரில் கரையும் சாயம். சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஈரத்துணி பட்டால் ஓடிவிடும். நருகோ ஊர்ப் பொம்மையின் தலையைத் திருகினால் கீச்சென்று சத்தம் வரும். பார்வையாளர் கை சும்மா இருக்காது, ஆகவே அவற்றைக் கண்ணாடிக்குள் வையுங்கள்.

வாஷித் தாள் ஈரத்தில் விரியும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலைபாயும். மேல்விளிம்பில் மட்டும் ஜப்பான் தாள் துண்டு இரண்டு, கோதுமை மாவுச்சத்துப் பசையில். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை கூடவே கூடாது, அதிலுள்ள செம்பு தாளை அரிக்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3-5 மி.மீ. இடைவெளி விடுங்கள். பின்னணிக்குப் பனையோலைப் பாய் அழகுதான், ஆனால் இடையில் பாலியெஸ்டர் தாள் ஒன்று வேண்டும்.

கூடையின் கீழ் மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் அது வண்டு. அந்தக் கூடையைப் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மற்றவற்றிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கொடுத்தவரைக் கேளுங்கள். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் என்பது வழக்கமான வைத்தியம். மீன் வைக்கும் ஃப்ரீசர் என்றால் கவிச்சி ஏறும். உருஷியையும் கொக்கேஷியையும் அதில் வைக்காதீர்கள்.

விளக்க அட்டையில் ஊர், பொருள், பயன்பாடு மூன்றும் வரட்டும். நாட்டுப்புறக் கைவினையைக் குறிக்கும் ‘மிங்கேய்’ என்ற சொல்லை யானகி என்ற சிந்தனையாளரும் ஹமாதா, கவாய் என்ற குயவர்களும் 1925-ல் உருவாக்கினார்கள். தோக்கியோவில் அதற்கான அருங்காட்சியகம் 1936-ல் திறந்தது. பெயர் பொறிக்காத அன்றாடப் பொருளைத்தான் அவர்கள் கொண்டாடினார்கள். கையெழுத்திட்ட கலைப்படைப்பை அந்தப் பெயரில் வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பாம்பன்கரை:

மீன் அச்சை நேர்ல செஞ்சு காட்டச் சொல்றாங்க. எந்த மீன் எடுக்கறது?

விளமீன்:

விளமீன் இல்லன்னா பாறை, அரைக்கிலோ அளவு. சாளை வேண்டாம், செதில் கையோட வந்துடும். வழுவழுப்பை வினிகர்ல கழுவி நல்லா துடைங்க. மிச்சம் இருந்தா மை திட்டுத்திட்டாத் தங்கும். செவுளிலும் கழிவுத் துளையிலும் டிஷ்யூ அடைச்சு வைங்க, இல்லன்னா நீர் கசிஞ்சு தாள் கறைப்படும். தெர்மாகோல் மேல வச்சு துடுப்பை விரிச்சு ஊசி குத்துங்க. மையைத் தலையிலிருந்து வாலுக்கு மெல்லிசாப் பூசணும். கண்ணுல மை வேண்டாம், அதைப் பிறகு தூரிகையால வரையறாங்க. தாள் போட்டு விரலால அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து உரிங்க. முதல் அச்சு பெரும்பாலும் வீண், மூணாவதுதான் தெளியும். ஃபேனை நிறுத்திடுங்க, தாள் போடறதுக்குள்ள மை காஞ்சிரும். கடல்குதிரை, கடல் அட்டை வலையில வந்திருந்தாலும் மேசைக்குக் கொண்டு வராதீங்க, ரெண்டும் சட்டப் பாதுகாப்பில இருக்கு. இந்த மேசையைக் கெண்டிப் பெட்டிகிட்ட போடாம வாசப்பக்கம் தள்ளிப் போடுங்க.