மூன்று மாதம் சோற்றைக் குறைத்தேன், எல்.டி.எல். அசையவில்லை

நடைவண்டி:
வயது 46. ஜனவரியில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 168, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 38, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 210. சுகர், பிரஷர், சிகரெட் எதுவும் இல்லை. "மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் பாருங்க, அப்புறம் மாத்திரை பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர். ராத்திரிச் சோறு கட். டீயில் சர்க்கரை கட். சாயங்கால வடை, பஜ்ஜி கட். தினம் 45 நிமிடம் வேகமாக நடந்தேன், நாலு கிலோ குறைந்தது. இப்போது டிரைகிளிசரைடு 125, எச்.டி.எல். 41. எல்.டி.எல். மட்டும் 160! இவ்வளவு பாடுபட்டும் எட்டுப் புள்ளிதானா? நடந்தால் கொழுப்பு கரையும் என்று சொல்வதெல்லாம் சும்மாவா?

செக்குமாடு:
சும்மாதான் சார். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. நீங்கள் வடையை விட்டால் அதற்கென்ன? எங்கள் தாத்தா தேங்காயும் நெய்யுமாகச் சாப்பிட்டு 91 வயது வரை வரப்பில் நடந்தார். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தூக்கிப் போடாதீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. சோறு, சர்க்கரை, தொப்பை, நடை எல்லாம் முதலில் தொடுவது டிரைகிளிசரைடை. அது 210இலிருந்து 125க்கு வந்திருக்கிறது, லேசான விஷயமா? எல்.டி.எல். நடைக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு எந்த எண்ணெய், எவ்வளவு நார்ச்சத்து என்று பார்க்க வேண்டும். நீங்கள் உழுதது ஒரு வயல், கதிர் தேடுவது இன்னொரு வயலில். வீட்டில் என்ன எண்ணெய்?

நடைவண்டி:
வீட்டம்மா நாகர்கோவில். தேங்காய் எண்ணெய்தான். தேங்காய் அரைக்காத குழம்பு எங்கள் வீட்டில் குழம்பே இல்லை. அதில் நான் கை வைக்கவில்லை.

செக்குமாடு:
வந்துவிட்டதா தேங்காய் மேல் பழி! பசிபிக் கடலில் டோக்கலாவ் என்று தீவுகள். 1981இல் வெளிவந்த ஆய்வின்படி அந்த மக்களுக்குக் கிடைத்த ஆற்றலில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து. ரத்தக்குழாய் நோய் அங்கே அபூர்வம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
அதே ஆய்வின் அடுத்த வரியையும் சொல்லுங்கள். அதே கடலில் புகாபுகா என்ற தீவில் தேங்காயின் பங்கு 34 சதவீதம். டோக்கலாவ்காரர்களுக்கு அவர்களைவிடக் கொலஸ்ட்ரால் 35, 40 புள்ளி கூடுதல். தேங்காய் கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பதற்கு உங்கள் சாட்சியே போதும். அவர்கள் மீனும் தேங்காயும் தின்று கடலில் உழைத்தவர்கள், சர்க்கரை மிகக் குறைவு. நம்மவர் சாயங்காலம் வரை நாற்காலியில்.

தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் பதினைந்து வாக்கில். அந்தக் கொழுப்பு கூடினால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் கல்லீரலின் வேலை மந்தமாகும். கரையும் நார்ச்சத்து இதற்கு நேர்மாறு. குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். புதுப் பித்தம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், ரத்தத்திலிருந்துதான் எடுக்கும்.

2003இல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு செய்த சோதனையைப் பாருங்கள். ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், கொலஸ்ட்ராலைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும் தாவர ஸ்டெரால் கலந்த மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவுவது), அதோடு நம்ம வெண்டைக்காயும் கத்தரிக்காயும். ஒரே மாதத்தில் எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30.9.

மாத்திரைக்காரி:
கணக்குப்பிள்ளை அண்ணே, பாதிதான் சொன்னீர்கள். அந்த ஒரு மாதமும் சாப்பாட்டை அவர்களே அளந்து கொடுத்தார்கள். அதே குழு 2011இல், ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டில் சமைத்துச் சாப்பிடவிட்டபோது ஆறு மாதத்தில் இறங்கியது 13 சதவீதம் சுமார். வீட்டுச் சமையலின் நிஜம் அதுதான்.

என் கதை வேறு. அப்பா 49 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போனார். 31 வயதில் என் எல்.டி.எல். 236. ஒரு வருடம் ஓட்ஸ், சுண்டல், ஓட்டம் என்று எதையும் விடவில்லை. 214க்கு வந்தது, அவ்வளவுதான். எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகளே பரம்பரையாகக் குறைவாம். இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985இல் நோபல். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடு என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எனக்குக் கோபமாக வருகிறது, செக்குமாடு சார். எங்கள் அப்பாவும் வரப்பில் நடந்தவர்தான்.

செக்குமாடு:
மன்னிக்கவும் அம்மா. உங்கள் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் 160க்கெல்லாம் மாத்திரை என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை:
160க்கு மாத்திரை வேண்டுமா என்பதை அந்த ஒரு எண் முடிவு செய்யாது. வயது, பிரஷர், சுகர், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோய் வந்ததா, எல்லாம் சேர்த்து டாக்டர் பார்க்கட்டும். நடைவண்டி, தைராய்டு பார்த்தீர்களா? அது மந்தமானாலும் எல்.டி.எல். ஏறும்.

நடைவண்டி:
பார்க்கவில்லை, நாளைக்கே கேட்கிறேன். எங்கள் வீட்டில் சின்ன வயதில் யாருக்கும் இதய நோய் வந்ததில்லை. 13 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 139 வரும், முயற்சி செய்யலாம். வீட்டில் பேச்சுவார்த்தை முடிந்தது: சமையலுக்குக் கடலை எண்ணெய், காலையில் இட்லிக்குப் பதில் சுண்டல், வாரம் மூன்று நாள் வெண்டைக்காய். தேங்காய் அரைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவியல் மேல் விடும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறார். அவியல் இனி மாதம் ஒரு முறைதான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.