வெஸ்நாத்: கோடாலிக் குள்ளர்கள் மலை மேல் நின்றும் சாகிறார்கள், உதவுங்க

பல்லடத்துக்காரன்
வணக்கங்க. வெஸ்நாத் என்கிற, முறை மாற்றி ஆடும் கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தில் ஆறு நாளாக ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அரும்பாடுபட்டு இரண்டு ஸ்டீல்கிளாட் (அனுபவம் ஏறிய கோடாலிக் குள்ளர்) வளர்த்தேன். குள்ளர்களை மலையில் நிறுத்தினால் அசைக்க முடியாது என்று எல்லோரும் சொன்னதால் அங்கேயேதான் நிறுத்தினேன். மூணாவது டர்னுக்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அடிப்பதும் கோடாலியால்தான், மூணு அடி வருகிறதே. எங்கே தப்பு? எட்டு மணிக்கு நைட் ஷிஃப்ட், அதற்குள் யாராவது சொல்லுங்க.

கோபி_வாய்க்கால்
எதிரி யாருங்க? பகலா, ராத்திரியா? பக்கத்தில் வேறு ஆள் நின்றார்களா?

பெருந்துறை_பாண்டி
உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி. மலையில் 70 சதவீதம் தற்காப்பு, அதாவது நூறு அடியில் முப்பதுதான் படும் என்று காட்டும். ஆனால் கம்ப்யூட்டர் அடித்தால் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். நான் மூணு ராத்திரி நோட்டுப் போட்டுக் குறித்துப் பார்த்தவன்.

பழைய_தளபதி
மூணு ராத்திரிக் கணக்கு கணக்கே இல்லை. நம் மேல் விழுந்த அடி மனதில் நிற்கும், தவறிப்போன அடி நிற்காது.
கேள்வி கேட்டவருக்கு: எதிரியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்டால் எப்படி? ஆட்டத்துக்குள்ளேயே உதவிப் பக்கம் இருக்கிறது. யாருக்கு எந்த ஆயுதம் எத்தனை சதவீதம் படும் என்று அட்டவணையே போட்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

பல்லடத்துக்காரன்
எலும்புக்கூடுங்க. பின்னால் கறுப்பு அங்கிக்காரர்கள் ரெண்டு பேர். ராத்திரிதான். மற்ற ஆட்களைக் கிராமம் பிடிக்க அனுப்பியிருந்தேன்.

கோபி_வாய்க்கால்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமுங்க! எலும்புக்கூட்டைக் கோடாலியால் வெட்டினால் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். ஸ்டீல்கிளாட் கோடாலி அடிக்கு 11 உயிர் எடுக்கும், மூணு அடி. எலும்புக்கூடு வெட்டில் 40 சதவீதம் தாங்கும். அடிக்கு 7, மூணும் விழுந்தாலே 21தான். அவரிடமே சுத்தியலும் இருக்கிறது பாருங்க: 14, இரண்டு அடி. அந்த அடிக்கு எலும்புக்கூடு 20 சதவீதம் கூடுதலாக நொறுங்கும், அடிக்கு 17. இரண்டும் விழுந்தால் 34. எலும்புக்கூட்டின் முழு உயிரும் 34தான்.

காங்கேயத்து_வெள்ளாமை
நான் இந்த ஆட்டம் ஆடியதில்லை, பையன் ஆடுவான். ஆனால் கோபிக்காரர் சொல்வது காட்டு வேலையிலும் நிஜம். காய்ந்த புளியங்கட்டையில் கோடாலியைப் போட்டால் கவ்விக்கொண்டு நின்றுவிடும், இழுக்கக்கூட முடியாது. விரிசலில் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் நாலு போடு போட்டால்தான் படக்கென்று இரண்டாகும்.

பொள்ளாச்சி_தோப்பு
தண்டரர், அதாவது துப்பாக்கிக் குள்ளர், இரண்டு பேரைப் பின்னால் நிறுத்துங்க. ஒரே வெடி, 18.

பழைய_தளபதி
ஆட்டத்தில் துப்பாக்கி அடி குத்துக் கணக்கு. எலும்புக்கூட்டிடம் குத்துகிற ஆயுதமா? வெட்டையாவது பாதிக்குக் கொஞ்சம் மேல் ஏற்றலாம், குத்து அதுவும் ஏறாது. படிக்காமல் யோசனை சொல்லாதீர்கள்.

பொள்ளாச்சி_தோப்பு
நான் சொன்னது அங்கிக்காரர்களுக்கு. கொஞ்சம் மரியாதையாகப் பேசலாமுங்க.

பெருந்துறை_பாண்டி
சரி, அடி விழுகிற கணக்குக்கு யார் பதில் சொல்வது? அவர் மலையில்தானே நின்றார்?

பழைய_தளபதி
பதில் இதோ. அந்த அங்கிக்காரர் டார்க் அடெப்ட். மந்திர அடிக்கு மலையும் ஒன்றுதான், புல்வெளியும் ஒன்றுதான், எங்கே நின்றாலும் 70 சதவீதம் விழும். ராத்திரியில் இன்னும் 25 சதவீதம் பலம் கூடும். இருவர் சேர்ந்தால் ஒரு டர்னுக்குச் சராசரி 30 உயிர் போகும். ஸ்டீல்கிளாட்டுக்கு இருப்பதே 59. இதில் மோசடி எதுவும் இல்லை.
ஆனால் அடெப்டுக்குக் கைச்சண்டை கிடையாது, பக்கத்தில் போய் அடித்தால் திருப்பி அடிக்க மாட்டார். ஒரு அல்ஃப்செர்க்கர் (வெறிபிடித்துப் பாயும் குள்ளர்) எடுங்கள், 19 பொன். அவர் பாய்ந்தால் ஒருவர் சாகும் வரை, 30 சுற்று வரைகூட, சண்டை ஓயாது. இந்த ஒரு வேலைக்கென்றே பிறந்தவர் அவர்.

கோபி_வாய்க்கால்
அதோடு ஸ்டீல்கிளாட்டைத் தனியாக விடாதீங்க. இரண்டு பக்கமும் சாதாரணக் கோடாலிக்காரர்களை நிறுத்துங்க, அப்போதுதான் ஆறு பக்கமும் சூழ மாட்டார்கள். உயிர் பாதியானதும் பின்னால் இழுத்துக் கிராமத்தில் உட்கார வையுங்க, டர்னுக்கு 8 ஏறும். குள்ளர்களுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்று, எலும்புக்கூட்டுக்குப் பகலில் பலம் குறையும். அதனால் விடிந்த பிறகு முன்னே போங்க. வளர்த்த ஆளை இழந்தால் மனசுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

காங்கேயத்து_வெள்ளாமை
கோடாலிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பிடிக்கு வெக்காலி மரத்துக்கு ஈடு இல்லை.

பொள்ளாச்சி_தோப்பு
கருவேலம்தாங்க. எங்கள் தாத்தா போட்ட பிடி இன்னும் ஓடுகிறது.

காங்கேயத்து_வெள்ளாமை
வெக்காலி வளைந்து கொடுக்கும், உள்ளங்கையில் அதிர்வு ஏறாது.

பொள்ளாச்சி_தோப்பு
வளைந்து கொடுத்தால் வெட்டு எப்படி இறங்கும்?

கோபி_வாய்க்கால்
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க, நானும் வருகிறேன். பல்லடத்துக்காரர் என்ன ஆனாருன்னே தெரியலையே.

பல்லடத்துக்காரன்
இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். பழைய சேவ்வில் இருந்து ஆடினேன். சுத்தியல்தாங்க! ஒரே டர்னில் இரண்டு எலும்புக்கூடு காலி. அல்ஃப்செர்க்கர் ஒரு அங்கிக்காரரை முடித்தார், இன்னொருவர் தப்பிவிட்டார். ஸ்டீல்கிளாட் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். தூங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றிங்க.