புதுப்பிப்பு: வகுப்பறையில் டிஜிட்டல் கதை – குரல் முதலில், படம் பிறகு

டிஜிட்டல் கதை என்றால், பிள்ளைகள் படங்களோடு தங்கள் குரலைச் சேர்த்துப் போனில் செய்யும் சிறு வீடியோ. முந்தைய பதிவில் ஏழாம் வகுப்பு நீர்ச் சுழற்சிப் பாடத்துக்கு இதை "8 படம், 2 நிமிடம், 4 பேர் கொண்ட குழு" என்ற அளவில் செய்யலாம் என்று எழுதியிருந்தோம். அதில் ஒரு திருத்தம். படங்களை அடுக்கிவிட்டுக் குரல் சேர்க்கச் சொன்னது தவறு. அப்படிச் செய்தால் பிள்ளைகள் படம் திரையில் நிற்கும் நேரத்துக்குள் வாசிக்க அவசரப்படுகிறார்கள். "ஆவியாதல்" என்ற சொல்லே பாதி விழுங்கப்படுகிறது. குரலை முதலில் பதிந்து, அதற்கேற்பப் படம் நிற்கும் நேரத்தை நீட்டுவதோ குறைப்பதோதான் சரி.

எழுத்து வேலைக்கு ஏ4 தாளை எட்டாக மடித்தால் போதும். ஒரு கட்டத்துக்கு ஒரு படம், 20 சொல். மொத்தம் 160 சொல், நிதானமாக வாசித்தால் 2 நிமிடம். இந்தத் தாளை ஆசிரியர் பார்க்கும்வரை போனைக் கொடுக்க வேண்டாம். கருத்துப் பிழை (மேகம் என்றால் நீராவி என்பது போல) இங்கே தெரிந்தால் அழிப்பான் போதும், வீடியோவில் தெரிந்தால் மறுபதிவுதான்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரெதிரே பிடித்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். பின்னணி இசை? எங்கள் கட்சி, வேண்டாம் என்பதே.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அல்ல, ஆவணமாக இணையுங்கள். இல்லாவிட்டால் சுருக்கத்தில் படத்திலுள்ள சிறிய எழுத்துகள் மங்கிவிடும்.

மதிப்பெண்ணில் பாதியை அந்த எட்டுக் கட்டத் தாளுக்கே கொடுங்கள்.